சோற்றைக் குறைக்கும் முன் எண்ணெயை நிறுத்துப் பாருங்கள்

எடை குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த உடனே நம் வீடுகளில் முதலில் அடி வாங்குவது சோறுதான். ராத்திரி சோறு கிடையாது, சப்பாத்தி. கொஞ்ச நாளில் சப்பாத்தியும் கிடையாது, ஓட்ஸ். மலேசியாவில், இங்கே பினாங்கில், எனக்குத் தெரிந்த எத்தனையோ பெண்கள் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். பசியோடு தூங்கினார்கள், பிள்ளைகளுக்கு ஒரு சமையல், தனக்கு ஒரு சமையல் என்று இரண்டு அடுப்பில் வெந்தார்கள். ஒரு தீபாவளி வந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. அவர்களுக்கு மன உறுதி போதாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு நாளுக்கு மூன்று வேளை ஒரு குடும்பத்துக்கே சமைத்துப் போடுகிறவளுக்கா உறுதி இல்லை? குறைக்க வேண்டிய இடம் எது என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த இடத்தைக் காட்டுவது ஒரு தராசு. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நாங்கள் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் மகளும், எங்களோடு அம்மாவும். அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், நெடுநாளாக உண்டு. கணவருக்கு வரும் போலிருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். இந்த நாட்டில் இது அபூர்வமான கதை இல்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இனிப்புநீர் என்று எடுத்துக்கொண்டால் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம்தான் அதிகம். ஆசியர்களுக்கு உடல் நிறை எண், அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் BMI, 23ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள், மேல்நாட்டு அட்டவணைகளில் இருக்கும் 25 வரை காத்திருக்கக் கூடாது. ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களுக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுவதுதான் காரணம்.

சரி, தராசு. சமையல் மேடையில் வைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு, 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் வரை காட்டும். முப்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது. அதில் முக்கியமான பொத்தான் 'டேர்'. எந்தப் பாத்திரத்தை மேலே வைத்திருந்தாலும் அதை அழுத்தினால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். எல்லாரும் அதைக் கிண்ணத்தின் எடையைக் கழிக்கப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்த உபயோகம் வேறு. எண்ணெய்ப் போத்தலையே தராசில் வையுங்கள். டேரை அழுத்துங்கள். போத்தலை எடுத்து வழக்கம்போல் சட்டியில் ஊற்றுங்கள், கையைக் கட்டுப்படுத்த வேண்டாம். திரும்பக் கொண்டுவந்து தராசில் வையுங்கள். கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். அதுதான் சட்டிக்குள் போன எண்ணெய். கரண்டி கழுவத் தேவையில்லை, ஒட்டிக்கொண்டது வழிந்தது என்ற கணக்கும் இல்லை.

அம்மா சமைக்கும்போது ஒரு நாள் இதை அவரிடம் சொல்லிவிட்டே செய்தேன். கோழிக் கறி. "நீங்க எப்பவும் போல ஊத்துங்கம்மா, நான் குறுக்க வரல" என்றேன். பட்டை, சோம்பு, கறிவேப்பிலைக்கு ஒரு ஊற்று. வெங்காயம் அடிபிடிக்கிற மாதிரி தெரிந்ததும் இன்னொரு ஊற்று. மசாலாவைக் குழைத்துப் போட்டு எண்ணெய் பிரிய வேண்டும் என்பதற்காக மூன்றாவதாகக் கொஞ்சம். போத்தலைத் தராசில் வைத்தபோது கழித்தல் 85. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ரெண்டு கரண்டிதானே ஊத்துனேன்?" என்று கேட்டார். உண்மையிலேயே அவர் மனசில் இரண்டு கரண்டிதான். முதல் ஊற்றுதான் எண்ணெய், மற்றதெல்லாம் பக்குவம்.

85 கிராம் எண்ணெய் என்றால் என்ன? கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ பாமாயிலோ, ஆலிவ் எண்ணெயே ஆனாலும், இந்த 9 மாறாது. ஆக 85 கிராமுக்கு 765 கலோரி. அதே சட்டியில் விழுந்த 200 மில்லி கெட்டித் தேங்காய்ப் பால் பாக்கெட்டுக்கு ஏறத்தாழ 400. இரண்டும் சேர்ந்து 1,165. தோலுரித்து வெட்டிய ஒரு கிலோ கோழியில் எலும்பு போக உள்ள கறிக்கு 900கூட வராது. உருளைக்கிழங்கு 300 கிராமுக்கு 230 போல. வெங்காயம், தக்காளி, மசாலாத் தூள் எல்லாம் சேர்த்து 250 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சட்டியில் ஏறக்குறைய பாதி கலோரி எண்ணெயிலும் தேங்காய்ப் பாலிலும் இருக்கிறது. நாமோ தட்டில் இருக்கிற உருளைக்கிழங்கைப் பார்த்துப் பயந்து ஓரமாக ஒதுக்கி வைக்கிறோம்.

சோற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. 200 கிராம் சோறு, ஒரு நடுத்தரக் கிண்ணம், வயிறு நிறைவதாக உணரக்கூடிய அளவு, அதற்கு 260. அந்த 260 கலோரியை எண்ணெயாக மாற்றினால் 29 கிராம், இரண்டு மேசைக்கரண்டி. அதைக் குடித்தாலும் பசி ஆறாது. சோற்றை விட்டுவிட்டு, மிதக்கிற குழம்பில் சப்பாத்தியைத் தொட்டுச் சாப்பிடுகிறவர் எடை ஏன் இறங்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சோற்றின் அளவு தனியாக முக்கியம், அதை நான் மறுக்கவில்லை. அம்மாவின் சோற்றை நிறுப்பதும் அதனால்தான். எடை என்று வரும்போது மட்டும் எண்ணெயை விட்டுவிட்டுச் சோற்றின் மேல் பழி போடுவது நியாயம் இல்லை என்கிறேன்.

தராசு இல்லாதவர்களும் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டில் உதவித்தொகை விலையில் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கிற எண்ணெய்ப் பாக்கெட் சரியாக 1 கிலோ. உங்கள் வீட்டில் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் என்று பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஐந்து பாக்கெட் ஓடுகிறது என்றால் 45,000 கலோரி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 375. மூன்று பாக்கெட்டில் முடித்தால் ஆளுக்கு 225. பொரித்த எண்ணெயைக் கொட்டிவிடுகிறவர்கள் அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் 150. உடல் கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. நாளுக்கு 150 என்றால் மாதத்துக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல், வேறு எதையும் மாற்றாமலே. காகிதத்தில் வருகிற அளவுக்கு உடம்பில் அப்படியே வராது. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும். ஆனாலும் திசை இதுதான்.

எண்ணெயே இல்லாமல் சமைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கடுகும் கறிவேப்பிலையும் தங்கள் மணத்தை எண்ணெயில்தான் இறக்குகின்றன. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும். அவித்த கோழியும் அவித்த புரோக்கோலியும் தின்று எடை குறைத்தவர்கள் உண்டு. அதை வாழ்நாள் முழுக்கச் செய்கிறவரை நான் பார்த்ததில்லை. நம் சாப்பாடு நம் சாப்பாடாகவே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கோழிக் கறி இன்னும் கோழிக் கறிதான், 85 கிராம் எண்ணெய் 30 ஆனது, 200 மில்லி தேங்காய்ப் பால் 100 ஆனது. சட்டிக்கு ஏறத்தாழ 700 கலோரி குறைந்தது.

அது நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணெயைக் குறைத்து அதே முறையில் சமைத்தால் நன்றாக வராது. 30 கிராமில் தாளித்து வெங்காயம் போட்டதும் உப்பைச் சேர்த்துவிட வேண்டும். வெங்காயம் தண்ணீர் விடும். சட்டியை மூடி, தீயைக் குறைத்து, அடிபிடிக்கும்போது எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டும். மசாலாத் தூளை எங்கள் பக்கத்தில் எப்படியும் தண்ணீரில் குழைத்துத்தான் போடுவோம், அதனால் கருகாது. இங்கே பொறுமை வேண்டும். பச்சை வாசனை போக முன்பைவிட ஐந்து நிமிடம் கூட ஆகும். தேங்காய்ப் பாலைக் கடைசியில், அடுப்பை அணைக்கும் முன் ஊற்றினால் பாதி அளவிலேயே அதன் மணம் நாக்குக்குத் தெரிகிறது.

இந்தக் கறியைச் சாப்பிட்டுப் பார்த்து அம்மா, "உறைப்பு தூக்கலா இருக்கே" என்றார். தூள் அதே 40 கிராம்தான். யோசித்தால் காரணம் புரிகிறது: மிளகாயின் உறைப்பு கொழுப்பில் கரைவது, தேங்காய்ப் பால் அதை அடக்கி வைத்திருந்தது. பால் பாதியானால் தூளும் குறைய வேண்டும். 32 கிராமில் நின்றது. உப்பும் அப்படித்தான் குறைந்தது. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே தேக்கரண்டியில் ஒரே எடை வராது, தூளுப்பு நெருக்கமாக உட்காரும், அதனால் உப்பை நிறுத்துப் போடுவதுதான் நியாயமான அளவு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. குழம்பு, ரசம், கூட்டு, கருவாடு என்று வைத்தால் அந்த 5 கிராம் மத்தியானத்திலேயே முடிந்துவிடும்.

வெந்தயம், பெருங்காயம் மாதிரி ஒன்றிரண்டு கிராம் பொருள்களுக்கு இந்தத் தராசு சரிப்படாது, கரண்டியே போதும். கத்தரிக்காய், பயற்றங்காய், கங்குங் கீரையை நிறுப்பதும் வீண் வேலை. நிறுக்க வேண்டியவை எண்ணெய், நெய், தேங்காய்ப் பால், சீனி, கட்டிப்பால், அரிசி, மாவு, பருப்பு, கடலை. பட்டியல் அவ்வளவு சின்னது என்பதால்தான் இது நடக்கிற காரியம்.

அரிசியில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வருகிறது, அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். பச்சை அரிசியாக, அதாவது வேகாத அரிசியாக, 100 கிராமுக்கு 360 கலோரி அளவில் வரும். வெந்ததும் தண்ணீர் குடித்து இரண்டரை மடங்குக்கு மேல் எடை ஏறும், அதனால் வெந்த சோறு 100 கிராமுக்கு 130. கலோரி பார்க்கும் செயலியில் எண் தேடும்போது வெந்ததா வேகாததா என்று பார்க்காமல் போட்டால் கணக்கு மூன்று மடங்கு புரண்டுவிடும். இன்னொன்று, ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப். அது 180 மில்லி, அரிசி 150 கிராம் பிடிக்கும். சமையல் குறிப்புகளில் 'ஒரு கப்' என்று எழுதுவது 240 அல்லது 250 மில்லி. மேசைக்கரண்டியும் அப்படியே, அமெரிக்கக் குறிப்பில் 15 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்பில் 20. அம்மா காலத்துக் கட்டிப்பால் டின் இன்னும் எங்கள் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது, அது ஒரு தனி அளவு. சந்தையில் வயதான வியாபாரிகள் இன்றும் 'கத்தி' என்ற பழைய எடைக் கணக்கில் பேசுவார்கள், ஒரு கத்தி 600 கிராமும் கொஞ்சமும். இத்தனை அளவுகளுக்கு நடுவே வாழ்கிற ஊரில் கிராம் ஒன்றுதான் எல்லாருக்கும் ஒரே பேச்சு பேசுகிறது.

குடும்பத்துக்கு ஒரே சட்டியில் சமைத்துவிட்டு, நம் பங்கை மட்டும் எப்படிக் கணக்கிடுவது? காலிச் சட்டிகளை ஒரு முறை நிறுத்து, எடையை அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிட்டேன். சமையல் முடிந்ததும் சட்டியோடு நிறுத்து, காலிச் சட்டியைக் கழித்தால் குழம்பின் எடை. தராசின் மேல் ஒரு மரப்பலகை வைத்துக்கொள்ளுங்கள், சூடான சட்டி நேராக உட்காரக் கூடாது. கோழிக் கறி 1,900 கிராம் வந்தது, மொத்தக் கலோரி 1,800 அளவில். ஆக ஒரு கிராமுக்கு ஒரு கலோரிக்கும் கொஞ்சம் குறைவு. என் கிண்ணத்தில் 250 கிராம் எடுத்தால் 240 போல. அவ்வளவுதான் கணக்கு. மகள் 400 கிராம் எடுக்கட்டும், அவள் வளர்கிற பிள்ளை, பள்ளியில் பூப்பந்து ஆடுகிறவள். அவளுக்கு நான் எதையும் நிறுப்பதில்லை.

எலும்புதான் தகராறு. கழுத்தும் முதுகும் ஒரு கிண்ணத்திலும் நெஞ்சுக்கறி ஒரு கிண்ணத்திலும் விழுந்தால் 250 கிராமுக்கு அர்த்தம் மாறும். அதற்கு நான் செய்வது சுலபம்: சாப்பிட்டு முடித்ததும் எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் சேர்த்து நிறுத்துக் கழித்துவிடுகிறேன். 60 கிராம் எலும்பு மிஞ்சினால் நான் சாப்பிட்டது 190. மீனில் முள் எடை குறைவு, அதற்கு இந்தப் பாடு வேண்டாம். ஆனால் சட்டியின் மொத்த எடையிலும் எலும்பு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். சரியாக வர, எல்லார் தட்டு எலும்பையும் ஒரு முறை சேர்த்து நிறுத்துச் சட்டிக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை செய்தால் போதும், அடுத்த கறிக்கும் அது ஏறத்தாழப் பொருந்தும்.

பசியாற வெளியே போகும்போது தராசைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. ரொட்டி சானாய் ஒன்று 300 கலோரி அளவு என்று தெரிந்தால் போதும். தே தாரேக்கில் இரண்டு மேசைக்கரண்டி கட்டிப்பால், 40 கிராம், விழுந்தால் 130. "கூராங் மானிஸ்" என்று ஒரு வார்த்தை சொன்னால் கொஞ்சம் குறையும், "தே ஓ கோசோங்" என்றால் அத்தனையும் போகும். நாசி கண்டார் (சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் கடை) வரிசையில் நிற்கும்போது பினாங்குக்காரரிடம் குழம்பைத் தவிர்க்கச் சொல்வது நடக்காத காரியம், எனக்கும் அந்தக் கலவைக் குழம்புதான் உயிர். "அண்ணே, குழம்பு மேல ஊத்தாம தனியாக் கட்டுங்க" என்று தபாவ் (பொட்டலம்) வாங்கி வருவேன். வீட்டில் குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் குழம்பின் மேல் எண்ணெய் ஏடு கட்டி நிற்கும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுச் சூடாக்கிச் சாப்பிட்டால் ருசி அப்படியே இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடும் நாளில் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு மனசில் இருக்கும்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கறியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். வெண்டைக்காயும் முட்டைக்கோசும் கேட்டால் வைக்காத கடை எது?

எல்லாரும் நிறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இனிப்புநீருக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சீனி அளவு அபாயமாகக் கீழே போகலாம். கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். சாப்பாட்டை நினைத்தாலே பயமும் குற்ற உணர்ச்சியும் வருகிற நிலையில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் கேடு செய்யும், அவர்கள் வீட்டில் தராசை எடுத்து உள்ளே வைத்துவிடுவதே அன்பு. குளியலறைத் தராசு எண்ணையும் தினம் நம்ப வேண்டாம். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் வாரத்தில் சடசடவென்று இறங்குவதில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான். ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள் ஏறி நிற்பதும் பெரும்பாலும் அதுவும் உப்பும்தான்.

இப்போது பொரிப்பது. வடை எத்தனை எண்ணெய் குடிக்கிறது என்று யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் வரும், இரண்டு ஒரே மாதிரி வராது. இதையும் தராசிலேயே பார்க்கலாம். 500 கிராம் எண்ணெயை நிறுத்து ஊற்றி, இருபது உளுந்து வடை சுட்டு, எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு மிச்சத்தை நிறுத்தேன். சூடாக இருக்கும்போது தயவுசெய்து நிறுக்காதீர்கள். 400 கிராம் இருந்தது. வடிகட்டியிலும் காகிதத்திலும் ஒட்டியதையும் சேர்த்தே வடைக்கு 5 கிராம், 45 கலோரி. அடுத்த முறை மாவைத் தண்ணீர் தெளிக்காமல் கெட்டியாக ஆட்டி, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டபோது 70 கிராம்தான் குறைந்தது. மாவில் உள்ள ஈரம் ஆவியாக வெளியேறின இடத்தில்தான் எண்ணெய் புகுகிறது, ஈரம் குறைந்தால் புகுவதும் குறைகிறது. "தண்ணி பட்டா எண்ணெ குடிக்கும்னு அப்பவே சொன்னேன்ல" என்றார் அம்மா. சொன்னார்தான், என் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். வடைக்கு ஒன்றரை கிராம் குறைவு என்று இப்போது அவர் சொன்னதற்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் தீபாவளிப் பலகாரம் சுடும்போது பார்க்க வேண்டும்.